மதிப்புரையும் நேர்காணலும்: கேள்வி பதில்

கேள்வி: புது நாவலுக்கு மதிப்புரை எழுத ஒரு முறை படித்தால் போதுமா சார்?

பதில்: போதாது. முதல் தடவை பென்சிலைத் தொடாமல் படியுங்கள். இரண்டாம் தடவை பக்க எண்ணோடு குறிப்பெடுங்கள்: கதை யார் பார்வையில் போகிறது, எங்கே மாறுகிறது, காலம் எங்கே தாவுகிறது. முன்னுரையும் பின்னட்டையும் கடைசியில்தான். முதலிலேயே படித்தால் அந்தச் சொற்களே நம் மதிப்புரைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பதிப்புப் பக்கத்தையும் பாருங்கள். மூன்றாம் பதிப்பைப் புது நாவல் என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு.

கேள்வி: கதையை எதுவரை சொல்லலாம்?

பதில்: 600 சொல் மதிப்புரையில் கதைச் சுருக்கத்துக்கு 150 சொல் தாராளம். முடிவைத் தொடாதீர்கள். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) நாவல், நாயகன் காளி என்ன ஆனான் என்று சொல்லாமலே முடிகிறது. அந்த இடத்திலிருந்து ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ என்று இரண்டு நாவல்கள் வெவ்வேறு பக்கமாகக் கிளம்பின. அப்படிப்பட்ட முடிச்சை மதிப்புரையாளரே அவிழ்த்துவிட்டால் வாசகருக்கு என்ன மிச்சம்?

கேள்வி: வட்டார வழக்கு புரியவில்லை. குறை என்று எழுதலாமா?

பதில்: 40 பக்கம் பொறுங்கள். பெரும்பாலான சொல் மூன்றாம் முறை வரும்போது இடத்தாலேயே விளங்கிவிடும். கரிசல் கதை என்றால் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் (கி.ரா.) தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதி கைகொடுக்கும். கொங்குக்குப் பெருமாள்முருகனின் அகராதி இருக்கிறது. நாகர்கோவில் பாட்டியும் கோவையில் வளர்ந்த பேரனும் ஒரே மாதிரி பேசினால், அதைக் குறை என்று எழுதுங்கள்.

கேள்வி: நேர்காணலில் எழுத்தாளர் ஒரே வரியில் பதில் சொல்லி முடித்துவிடுகிறார் அண்ணா. என்ன செய்வது?

பதில்: கேள்வியை மாற்றுங்கள். “இது உங்கள் வாழ்க்கையில் நடந்ததா?” என்றால் ஆம், இல்லை, இரண்டில் ஒன்றுதான் வரும். “எட்டாம் அத்தியாயம்வரை மருமகள் பார்வையில் போன கதை ஒன்பதில் மாமியார் கைக்குப் போகிறதே, முதல் வரைவிலேயே அப்படித்தானா?” என்று கேட்டுப் பாருங்கள். எழுதும்போது பட்ட பாடு முழுக்க வெளியே வரும். ஒரு மணி நேரத்துக்கு 12 கேள்வி எழுதிக்கொள்ளுங்கள். ஏழெட்டுதான் கேட்க முடியும். கசப்பான கேள்வியை நடுவில் வையுங்கள். முதலில் கேட்டால் ஆள் இறுகிவிடுவார். கடைசியில் கேட்டால் பேச நேரம் இருக்காது. இன்னொன்று, பதில் முடிந்ததும் உடனே அடுத்ததற்குத் தாவாதீர்கள். நாலைந்து விநாடி சும்மா இருந்தால், அவரே விட்டதைத் தொடருவார். பெரும்பாலும் அதுதான் அச்சில் போடத்தக்க பகுதி.

கேள்வி: ஒலிப்பதிவில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: இரண்டு கருவியில் பதியுங்கள். கைபேசியை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகலாம். மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார வேண்டாம். ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத நாலைந்து மணி நேரம் ஒதுக்குங்கள். எழுத்துப்படியை அவருக்கு அனுப்பி ஒரு வாரம் கெடு கொடுங்கள். பெயர், ஆண்டு திருத்தலாம். சொன்ன கருத்தையே மாற்றினால் அதைக் குறிப்பிட்டுத்தான் வெளியிடுவோம் என்று பேச உட்காரும் முன்பே சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் மனஸ்தாபம்தான்.

கேள்வி: நெருங்கிய நண்பரின் நாவலுக்கு எழுதலாமா?

பதில்: வேண்டாம். எழுதியே ஆக வேண்டுமென்றால் நட்பை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். பதிப்பகம் இலவசமாக அனுப்பிய படி என்றால் அதையும்.