கேளுங்க சொல்றோம்: மலையூருக்கு நெட் வர அரசு காசு எங்க இருக்கு?

கேள்வி: அக்கா, எங்க ஹட்டியில (மலை கிராமத்துல) சமுதாயக்கூடம் சும்மா பூட்டியே கிடக்கு. மகளிர் குழு மூலமா அதுல ரெண்டு மூணு கம்ப்யூட்டர் போட்டு நெட் வெச்சா பிள்ளைங்க படிப்பாங்க, பெரியவங்களுக்கு பென்ஷன், சர்டிபிகேட் எல்லாம் நாங்களே போட்டுத் தரலாம். இதுக்கு அரசு மானியம் இருக்காம், யாருக்கு எழுதணும்? ஊராட்சி ஆபீஸ்ல நெட் பெட்டி இருக்கு, ஆனா அது எங்க ஊர்ல இருந்து ஒரு பள்ளத்தாக்கு தாண்டி இருக்கு.
– வாசகி, கோத்தகிரி பக்கம்

பதில்: நல்ல யோசனைம்மா, விடாதீங்க. ஆனா குழு பேர்ல நேரா கையில பணம் வரும்னு காத்திருக்காதீங்க. குழுவுக்கு பேங்க்ல கிடைக்கிறது கடன்தான், மானியம் இல்ல. நெட்டுக்கான அரசு காசு கேபிளாவும் பெட்டியாவும் ஊராட்சிக்கு வருது. அந்தக் காசு யாரோடதுன்னு முதல்ல தெரிஞ்சுக்குங்க. டெலிகாம் கம்பெனிங்க வருமானத்துல 5 சதவீதம் ஒரு நிதிக்கு கட்டணும், யுஎஸ்ஓ நிதின்னு 2002ல ஆரம்பிச்சது, இப்ப டிஜிட்டல் பாரத் நிதின்னு பேர். கம்பெனி வருமானம் நம்ம ரீசார்ஜ்ல இருந்துதானே வருது, அதனால இதை தயங்காம உரிமையா கேக்கலாம். ஊராட்சிக்கெல்லாம் ஃபைபர் நெட் குடுக்கிற மத்திய அரசு திட்டமான பாரத்நெட் அந்த நிதியிலதான் ஓடுது, நம்ம மாநிலத்துல டான்ஃபிநெட்னு தமிழ்நாடு அரசு கார்ப்பரேஷன் எடுத்து செய்யுது, 12,525 ஊராட்சிக்கும் குறைஞ்சது 1 ஜிபிபிஎஸ் வேகத்துல லைன் குடுக்கிறதுன்னு 1,815 கோடி ரூபாய் திட்டம்.

நம்ம மலைக்கு சிக்கல் எங்கன்னா கணக்கு ஊராட்சி வாரியா போடுறாங்க. விழுப்புரம் மாவட்டத்துல 688 ஊராட்சி, நீலகிரி முழுசுக்கும் சேத்து 35 தான். அப்போ 35 ஆபீஸ்ல பெட்டி மாட்டி லைட் எரிஞ்சா ஏட்டுல நம்ம மாவட்டம் முடிஞ்சுபோச்சு, ஆனா ஒரு ஊராட்சிக்குள்ள எத்தனை ஹட்டி, எத்தனை எஸ்டேட் லைன் வீடு, நடுவுல எத்தனை சரிவு இருக்குன்னு அந்தக் கணக்குல வரவே வராது. இது எனக்கு ரொம்ப நாளா இருக்கிற ஆதங்கம், ஆனா இதுக்கு இப்ப ஒரு வழி இருக்கு. 2023 ஆகஸ்ட்ல மத்திய அரசு ஒப்புதல் குடுத்த திருத்தின பாரத்நெட் திட்டத்துல, 1,39,579 கோடி ரூபாய்ல, ஊராட்சி ஆபீஸ் இல்லாத மத்த ஊருக்கும் லைன் குடுக்கலாம்னு சேத்திருக்காங்க, ஆனா கேட்டு வந்தாதான் குடுப்பாங்க, தானா வராது.

கேக்கிறதுன்னா எப்படி? வர்ற கிராம சபையில, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, எது கிட்ட இருக்கோ அதுல உங்க குழு மொத்தமா போய் உக்காருங்க, 'எங்க ஹட்டி சமுதாயக்கூடத்துக்கு ஃபைபர் இணைப்பு வேணும், மாச பில்லும் கரண்ட் பில்லும் ஊராட்சி பொது நிதியில கட்டணும், பேட்டரி பேக்கப் வேணும்'னு தீர்மானமா எழுத வைங்க. பேட்டரியை விட்டுடாதீங்க, ஆடி காத்துல மரம் விழுந்து ரெண்டு நாள் கரண்ட் இல்லேன்னா பெட்டியும் செத்துடும். தலைவரோ தனி அலுவலரோ யார் பொறுப்புல இருந்தாலும் தீர்மான நகல் ஒண்ணு கையில வாங்கிட்டு வாங்க, அதோட ஒரு காப்பி பிடிஓ ஆபீசுக்கு, ஒரு காப்பி கலெக்டர் மனு நாள்ல.

லைன் வந்தப்புறம் குழுவுக்கு வருமானத்துக்கும் வழி உண்டு. பிஎம்-வானின்னு 2020 டிசம்பர்ல வந்த திட்டத்துல டீக்கடை மாதிரி யார் வேணாலும் பொது வைஃபை வெச்சு சின்ன கட்டணத்துக்கு விக்கலாம், லைசென்ஸும் வேணாம், பதிவுக் கட்டணமும் இல்ல. இப்படி வைஃபை வைக்கிறவங்ககிட்ட கம்பெனிங்க வீட்டு ஃபைபர் கட்டணத்துல ரெண்டு மடங்குக்கு மேல வாங்கக்கூடாதுன்னு டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2025ல உத்தரவும் போட்டுடுச்சு, 200 எம்பிபிஎஸ் வரைக்கும்.

கேள்வி: எங்க தேயிலை நிலத்துல டவர் வைக்க அரசு மானியம் பாஸ் ஆயிடுச்சு, ப்ராசசிங் ஃபீஸ் மட்டும் கட்டுங்கன்னு போன் வந்துச்சு, ட்ராய் முத்திரை போட்ட லெட்டர் கூட வாட்ஸ்அப்ல அனுப்பினாங்க. கட்டலாமா?
– வாசகர், மஞ்சூர்

பதில்: கட்டாதீங்க தம்பி, ஒரு ரூபா கூட. டவர் வைக்க ட்ராய் லெட்டர் குடுக்கிறதே இல்ல, நில சொந்தக்காரர்கிட்ட எந்த அரசு ஆபீசும் முன்பணம் வாங்காது, டவர் வைக்கிற கம்பெனிதான் உங்களுக்கு வாடகை தரணும். பணம் ஏற்கனவே போயிருந்தா உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு போன் போடுங்க, போகலேன்னா மத்திய அரசோட சஞ்சார் சாத்தி சைட்ல சக்ஷுங்கிற பகுதியில அந்த நம்பரை புகார் பண்ணுங்க.

கேள்வி: நாங்க இருளர் கிராமம். பள்ளிக்கூடம் வரைக்கும் கேபிள் இழுக்கலாம்னா காட்டுக்குள்ள கம்பம் நடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. வேற வழியே இல்லையா?
– வாசகர், மசினகுடி பக்கம்

பதில்: இருக்குங்க, அதுவும் சட்டத்துலயே இருக்கு. 2006 வன உரிமைச் சட்டம் பிரிவு 3(2) எடுத்து பாருங்க, பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிதண்ணி லைன்னு 13 வசதிக்கு வன நிலம் குடுக்கலாம்னு சொல்லுது, அதுல மின்சாரக் கம்பியும் தொலைத்தொடர்பு கம்பியும் ஒரே வரியில பேர் சொல்லியே வருது. நிபந்தனை என்னன்னா ஒவ்வொரு வேலைக்கும் நிலம் 1 ஹெக்டேருக்குள்ள இருக்கணும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல வெட்டக்கூடாது, முக்கியமா கிராம சபை பரிந்துரை பண்ணணும். அதனால வாய்மொழியா கேட்டு திரும்பி வராம, வன உரிமை கிராம சபையைக் கூட்டி பிரிவு எண்ணை எழுதி தீர்மானம் போட்டு டிஎஃப்ஓ (மாவட்ட வன அலுவலர்) ஆபீஸ்ல குடுத்து ரசீது வாங்குங்க. மறுத்தா காரணத்தை எழுத்துல கேளுங்க.

இன்னொண்ணு, 2023 நவம்பர்ல ஆரம்பிச்ச பிஎம்-ஜன்மன் திட்டம் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர்னு நம்ம ஆறு பழங்குடிக்கும் உரியது, அதுல ரோடு, வீடு கூட மொபைல் டவரும் சேந்திருக்கு. கேபிள் மனு குடுக்கிற அன்னிக்கே பழங்குடியினர் நல ஆபீஸ்ல டவருக்கும் தனியா ஒரு மனு எழுதிக் குடுத்துடுங்க.