மாமி அழுத படத்தில் நான் குறை சொல்லலாமா?

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு கொட்டாஞ்சேனையில், மாமி வீட்டில். சாப்பிட்டு முடிந்ததும் அந்தக் கிழமை யார் என்ன படம், என்ன தொடர் பார்த்தார்கள் என்ற கதைதான் நடக்கும். ஒருநாள் மாமி, 'டூரிஸ்ட் ஃபேமிலி' படத்தை அழுது அழுது பார்த்ததாகச் சொன்னார். நான் உடனே, "அதில் கதைக்கிறது யாழ்ப்பாணத் தமிழே இல்லை மாமி, எனக்கு இருந்து பார்க்க முடியவில்லை" என்றேன். மாமி கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு என்னோடு படக்கதையே இல்லை. "உமக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க ஏலாதா?" என்கிறார் கணவர். அவருடைய தம்பி வேறு, நான் பார்க்காத தொடர்களின் முடிவையெல்லாம் முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். இனி எல்லாவற்றுக்கும் "நல்லம், நல்லம்" என்று தலையாட்டுவதுதான் வழியா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: தலையாட்டத் தேவையில்லை, சகோதரி. மனமில்லாமல் தலையாட்டும் மருமகளை மாமிமார் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதலில், நீங்கள் எடுத்த குறை சொத்தைக் குறை இல்லை. 2025 மே மாதம் வந்த அந்தப் படம், பொருளாதார நெருக்கடியில் இலங்கையிலிருந்து கள்ளத்தனமாகக் கடல் கடந்து, ராமேஸ்வரம் வழியாகச் சென்னைக்குப் போய்க் குடியேறும் ஒரு குடும்பத்தின் கதை. வாய் திறந்தால் இலங்கை ஆட்கள் என்று தெரிந்துவிடுமே என்ற பயம் கதையோடு ஓடுகிறது. அப்படியொரு படத்தில் பேச்சு பிசகினால் நமக்குக் காதில் இடிக்கத்தான் செய்யும். 2000-இல் கமல்ஹாசன் 'தெனாலி'யில் நம் தமிழ் கதைத்த நாளிலிருந்து இந்த வழக்கு நம் வீடுகளில் தீராமல் நடக்கிறது.

ஆனால் மாமி உங்களிடம் வந்தது தமிழுக்குப் புள்ளி போடச் சொல்லி இல்லையே. அந்த நெருக்கடி நேரம், 2022-இல், கொழும்பில் இருந்தவருக்கு அந்தக் குடும்பம் ஊரை விட்டுப் போன கதை வேறு மாதிரித்தான் படும். காஸ் சிலிண்டரை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. பத்தரமுல்லையில் பாஸ்போர்ட்டுக்கு இரவிரவாகப் பிள்ளைகள் நின்றார்கள். மாமியின் சொந்தக்காரர் யாராவது அந்த நேரம் போனார்களா? அல்லது அதற்கும் முந்திய ஏதோ ஒரு பயணம் ஞாபகம் வந்ததா? எனக்குத் தெரியாது. நீங்களும் கேட்கவில்லை.

இப்போது கேளுங்கள். எல்லோருக்கும் முன்னால் மேசையில் வேண்டாம், சாப்பிட்டு முடிந்து பாத்திரம் கழுவும் நேரம் பார்த்து, "மாமி, அந்தப் படத்தில எந்த இடத்தில அழுதீங்கள்?" என்று கேட்டால் போதும். மன்னிப்பு, விளக்கம் எதையும் முன்னால் வைக்காதீர்கள். "நான் அன்றைக்குச் சொன்னது என்னவென்றால்" என்று தொடங்கினால் கதை திரும்ப உங்களைப் பற்றியதாகிவிடும்.

அவர் சொல்லி முடிக்கட்டும். அப்புறம் உங்கள் குறையைத் தாராளமாக எடுங்கள், ஆனால் இடம் காட்டிச் சொல்லுங்கள்: எந்தக் காட்சியில், யார், எந்தச் சொல்லைச் சொன்னபோது இடித்தது? "யாழ்ப்பாணத் தமிழே இல்லை" என்று மொத்தமாகப் போட்டால் மாமிக்கு ஒத்துக்கொள்வது அல்லது எழுந்து போவது, இரண்டில் ஒன்றுதான் மிச்சம். ஒரு சொல்லைக் காட்டினால், "எங்கட அம்மா அதை இப்படியெல்லோ சொல்லுவா" என்று அவரிடமிருந்து நாலு கதை வரும். இந்த வழக்கில் உங்களைவிட அவர்தான் பெரிய நீதவான். (சென்னைத் தொடர்கள் பார்த்து வளரும் நம் பிள்ளைகள் கொழும்பில் என்ன தமிழ் கதைக்கிறார்கள் என்பதையும் ஒரு ஞாயிறு எடுத்துப் பாருங்கள். வீடு இரண்டாகும்!)

கணவர் சொன்னதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். சவோய் தியேட்டரில் படம் விட்டு, காலி வீதிக்கு வந்து பஸ் ஏறுவதற்குள் அவரும் தீர்ப்புச் சொல்லி முடித்திருப்பார்.

தம்பியாரின் விஷயம் வேறு. முன்பு வீட்டுக்கு ஒரு டிவி. சக்தி டிவியில் போகும் தொடரை எல்லோரும் ஒன்றாக இருந்து பார்த்ததால் முடிவைச் சொல்லிக் கெடுக்க ஆள் இருக்கவில்லை. இப்போது ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு நேரம். முடிவை முந்திச் சொல்பவருக்கு, தான்தான் முதலில் பார்த்தேன் என்ற பெருமை வேண்டும். சரி, அதைக் கொடுத்துவிடுங்கள். அவர் வாய் திறக்கும் முன்பே, "தம்பி, நான் இன்னும் பார்க்கேல்லை. பார்க்கலாமா, விடலாமா, அதை மட்டும் சொல்லுங்கோ" என்று கேளுங்கள். அதற்கும் அடங்காமல் முடிவுக்குப் போனால், பிளேன்ரீ ஊற்றுகிறேன் என்று எழுந்து போய்விடுங்கள். இரண்டு தரம் போனால் விளங்கிக்கொள்வார்.