வென்றதற்காகவா வெளியேற்றினார்கள்? செயின்ட் தாமஸும் மினசோட்டாக் கல்லூரிக் கூட்டமைப்பும்

"அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், தொடர்ந்து வென்றுகொண்டிருந்த ஒரு கல்லூரியை அது சேர்ந்திருந்த விளையாட்டுக் கூட்டமைப்பே 2019-இல் வெளியேற்றியதாகப் படித்தேன். இது உண்மையா? உண்மையென்றால் நியாயமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்மைதான். நியாயமா என்பதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. நான் செயின்ட் பால் நகரில் வசிக்கிறேன். வெளியேற்றப்பட்ட செயின்ட் தாமஸ் பல்கலைக்கழகமும், அதனோடு ஒரே கூட்டமைப்பில் இருந்த மெக்காலெஸ்டர் கல்லூரியும் என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கின்றன. இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் இரண்டு மைதானங்களிலும் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

மினசோட்டா கல்லூரிகளுக்கிடையேயான விளையாட்டுக் கூட்டமைப்பு 1920-இல் தொடங்கப்பட்டது. கார்ல்டன், கஸ்டாவஸ் அடால்ஃபஸ், ஹேம்லின், மெக்காலெஸ்டர், செயின்ட் ஜான்ஸ், செயின்ட் ஓலஃப், செயின்ட் தாமஸ் ஆகிய ஏழும் அதை நிறுவியவை. எல்லாம் தனியார் கல்லூரிகள். பெரும்பாலும் ஏதாவது ஒரு திருச்சபையின் ஆதரவில் பிறந்தவை. பிற்பாடு ஆக்ஸ்பர்க், கான்கார்டியா, செயின்ட் மேரிஸ், பெத்தெல் ஆகியவையும், பெண்களுக்கான செயின்ட் கேத்தரின், செயின்ட் பெனடிக்ட் கல்லூரிகளும் சேர்ந்து, 2019-இல் பதின்மூன்று உறுப்பினர்கள் இருந்தார்கள். எல்லாமே ஒரே மாநிலத்துக்குள் இருந்ததால், காலையில் பேருந்தில் ஏறிப் போய் ஆடிவிட்டு, இரவுக்குள் விடுதிக்குத் திரும்பி, திங்கட்கிழமை வகுப்பில் உட்கார்ந்துவிடலாம். தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் மூன்றாம் பிரிவில் இருக்கும் கல்லூரிகள் விளையாட்டுத் திறமைக்காக உதவித்தொகை எதுவும் தரக்கூடாது என்பது விதி. படிக்க வந்த பிள்ளைகள் ஆடுகிறார்களே தவிர, ஆடுவதற்கென்று அழைத்துவரப்பட்டவர்கள் அல்லர் என்பதுதான் அந்தப் பிரிவின் அடிப்படை எண்ணம்.

இப்படிப்பட்ட ஒரு கூட்டமைப்பில் உறுப்பினராக இருப்பது வெறும் போட்டி அட்டவணை பற்றிய ஏற்பாடு அன்று. எங்களைப் போன்றவர்கள் யார் என்று ஒரு கல்லூரி ஊரறியச் சொல்லும் வழி அது. சேர்க்கைக்காகப் பெற்றோரோடு வளாகத்தைச் சுற்றிப் பார்க்க வரும் பதினேழு வயது மாணவி, நீச்சல் பயிற்சியாளரிடம் கேட்கும் முதல் கேள்விகளுள் ஒன்று, யார் யாரோடு போட்டியிடுவோம் என்பதாகவே இருக்கும். இரண்டாயிரம் மாணவர்களே உள்ள கல்லூரியில் விளையாட்டு வீரர்கள் கணிசமான பங்கு. அவர்களைக் கவர முடியாவிட்டால் வகுப்பறைகளே நிரம்பாது. உறுப்பினர் மாற்றங்களைப் பற்றிக் கல்லூரித் தலைவர்கள் இவ்வளவு கவலைப்படுவது இதனால்தான்.

செயின்ட் தாமஸ் எப்படி ஒட்டாமல் போனது என்பதைப் புரிந்துகொள்ள 2019-ஐப் பார்த்தால் போதாது. 1977-க்குப் போக வேண்டும். ஆர்ச்பிஷப் ஜான் அயர்லாந்து 1885-இல் நிறுவிய அந்தக் கத்தோலிக்கக் கல்லூரி, 1977 வரை இளங்கலையில் ஆண்களை மட்டுமே சேர்த்தது. பெண்களுக்குக் கதவு திறந்த பின் அது வேகமாக வளர்ந்தது; 1990-இல் பல்கலைக்கழகம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2019-இல் இளங்கலை மாணவர்கள் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல். மற்ற உறுப்பினர்களுள் பெரியவற்றில்கூட மூவாயிரம் பேர்தான், பலவற்றில் இரண்டாயிரம். ஆகவே 1920-இல் சேர்ந்து கையெழுத்திட்ட கல்லூரியும் 2019-இல் அதே பெயரில் ஆடிய பல்கலைக்கழகமும் ஒன்றல்ல. ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடுகளாகத் தொடங்கி, ஒரு வீடு மட்டும் நான்கு மாடி எழுப்பிவிட்டால் மற்ற வீடுகளின் முற்றத்தில் வெயில் குறைவது இயல்பு. அதற்காக மாடி கட்டியவரைத் திருடர் என்று சொல்லிவிட முடியாது.

மாடி உயர்ந்தது எண்ணிக்கையில் மட்டும் அல்ல. செயின்ட் தாமஸ் ஆண்கள் கூடைப்பந்தில் 2011-லும் 2016-லும், மகளிர் கைப்பந்தில் 2012-லும் மூன்றாம் பிரிவின் தேசியப் பட்டத்தை வென்றது. அமெரிக்கக் கால்பந்தில் (முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்; இனி கால்பந்து என்று சொல்வதெல்லாம் இதையே) கிளென் கரூசோ 2008-இல் பயிற்சியாளராக வந்தபின் அந்த அணி 2012-லும் 2015-லும் தேசிய இறுதி ஆட்டம் வரை போனது. அந்த அணி 2017-இல் செயின்ட் ஓலஃபை 97-க்கு 0 என்று வென்றது. மறுநாள் நாளிதழில் அந்த எண்ணைப் பார்த்தபோது அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். தோற்ற அணியின் மாணவர்களும் கட்டணம் கட்டிப் படிப்பவர்கள். வாரம் முழுக்கப் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவர்கள். அந்த எண் அவர்கள் பெற்றோரின் வயிற்றில் என்ன செய்திருக்கும் என்று யோசித்தால், பிற்பாடு கல்லூரித் தலைவர்கள் எடுத்த முடிவின் மீது எனக்கு வரும் கோபம் பாதியாகிவிடுகிறது.

ஆயினும் பெரிய தோல்விகள் இந்தக் கூட்டமைப்புக்குப் புதியவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். செயின்ட் ஜான்ஸ் அணியை 1953 முதல் 2012 வரை நடத்திய ஜான் காக்லியார்டி, தம் பயிற்சியாளர் வாழ்வில் மொத்தம் 489 ஆட்டங்களை வென்று கல்லூரிக் கால்பந்தின் சாதனையை வைத்திருப்பவர். அவருடைய அணி மற்றவர்களைப் பல பத்தாண்டுகளாகத் துவைத்தெடுத்தது. மறுபக்கம் மெக்காலெஸ்டர் 1974 முதல் 1980 வரை தொடர்ந்து 50 ஆட்டங்கள் தோற்றது. அந்தத் தொடர் முடிந்த நாளில், ஆட்டம் முடியும் தறுவாயில் உதைக்கப்பட்ட ஒரு பந்து கோல் கம்பங்களுக்கு நடுவே போனதைப் பற்றி இங்குள்ள முதியவர்கள் இன்றும் நேற்று நடந்ததுபோலப் பேசுகிறார்கள். அந்த ஐம்பது தோல்விகளுக்காக வென்றவர்கள் யாரும் வெளியே அனுப்பப்படவில்லை.

உறுப்பினர்கள் போவதும் வருவதும்கூடப் புதிதல்ல. நார்த்ஃபீல்டு என்ற ஒரே சிற்றூரில் இருக்கும் கார்ல்டனும் செயின்ட் ஓலஃபும் வெவ்வேறு காலங்களில் இந்தக் கூட்டமைப்பை விட்டு வேறு மாநிலக் கல்லூரிகளைக் கொண்ட மிட்வெஸ்ட் கூட்டமைப்புக்குப் போய், பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தவை. இரண்டும் வெவ்வேறு கூட்டமைப்புகளில் இருந்த 1977-இல்தான், கெஜக் கணக்கை விட்டு மீட்டர் கணக்கில் அளந்த மைதானத்தில் ஒரு கால்பந்து ஆட்டத்தை ஆடிப் பார்த்தன. செயின்ட் ஓலஃப் 43-க்கு 0 என்று வென்றது. கூட்டமைப்பு பிரிந்தாலும் அக்கம்பக்க உறவு பிரியாது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சாட்சி அந்த ஆட்டம்.

ஆனால் அவர்கள் எல்லோரும் தாமாகப் போய், தாமாக வந்தவர்கள். 2019 மே 22 அன்று நடந்தது வேறு. செயின்ட் தாமஸ் விருப்பத்துக்கு மாறாக நீக்கப்படுகிறது என்று கூட்டமைப்பு தன் அறிக்கையில் வெளிப்படையாகவே எழுதியது. போட்டியில் சமநிலை இல்லாமையே முதன்மைக் காரணம் என்றும், 2021 வசந்தகாலம் முடியும்வரை முழு உறுப்பினராகத் தொடரலாம் என்றும் அது சொன்னது. செயின்ட் தாமஸின் அப்போதைய தலைவர் ஜூலி சல்லிவன் எழுதிய கடிதத்திலிருந்து இன்னொரு செய்தியும் தெரிந்தது. தம்மை வைத்துக்கொள்ள வேண்டும் என்று பல கல்லூரித் தலைவர்கள் வாதாடினார்கள் என்றும், ஆனால் தாம் நீடித்தால் கூட்டமைப்பே இப்போதுள்ள வடிவில் இராது என்ற முடிவுக்கு அவர்கள் ஏறக்குறைய ஒருமனதாக வந்தார்கள் என்றும் அவர் குறிப்பிட்டிருந்தார். அதாவது, ஒருவரை அனுப்பாவிட்டால் பலர் தாமே போய்விடுவார்கள் என்ற நிலை.

என் கருத்து இதுதான்: செயின்ட் தாமஸ் பிரிந்து போவது தேவைப்பட்டது, அது செய்யப்பட்ட விதம் தவறு. ஒரு வழி அவர்கள் கண்முன்னே இருந்தது. மெக்காலெஸ்டர் 2001 பருவத்துக்குப் பின் கால்பந்தில் மட்டும் இந்தக் கூட்டமைப்பிலிருந்து விலகி, முதலில் எந்தக் கூட்டமைப்பிலும் சேராமலும் பின்னர் 2014 முதல் மிட்வெஸ்டிலும் ஆடியது. மற்ற எல்லா விளையாட்டுகளிலும் மினசோட்டாக் கூட்டமைப்பிலேயே தொடர்ந்தது. தாங்க முடியாத அளவுக்குத் தோற்ற கல்லூரிக்குக் கால்பந்தில் மட்டும் விலகி நிற்க இடம் கொடுத்தவர்கள், தாங்க முடியாத அளவுக்கு வென்ற கல்லூரிக்கும் அதே வாசலைத் திறந்து பார்த்திருக்கலாம். செயின்ட் தாமஸ் பல விளையாட்டுகளிலும் மேலோங்கி இருந்ததால் கால்பந்தை மட்டும் பிரித்தால் சிக்கல் தீர்ந்திராது என்று சிலர் பதில் சொல்வார்கள். அதில் வலு உண்டு. ஆனால் 97-க்கு 0 என்பதைப் போலக் கூட்டமைப்பின் உயிரையே உலுக்கிய எண் வேறு எந்த விளையாட்டிலிருந்தும் வந்ததாக நான் அறியேன். கோல்ஃப் ஆடிய மாணவியும் நெடுந்தூரம் ஓடிய மாணவனும் கால்பந்தின் கணக்கைத் தீர்க்கத் தங்கள் எதிரணிகளை இழந்தார்கள். இது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

இழப்பு எவ்வளவு பெரியது என்பதை நான் 2019 அக்டோபரில் நேரில் பார்த்தேன். செயின்ட் தாமஸும் செயின்ட் ஜான்ஸும் மோதும் ஆட்டம் இந்த மாநிலத்தில் ஒரு திருவிழா. இரண்டும் கத்தோலிக்கக் கல்லூரிகள். முதல் மோதல் 1901-இல். 2017-இல் மினியாபொலிஸின் டார்கெட் ஃபீல்டு பேஸ்பால் அரங்கில் நடந்த ஆட்டத்துக்கு 37,355 பேர் வந்தார்கள்; மூன்றாம் பிரிவில் அதுவரை எந்த ஆட்டத்துக்கும் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. 2019-இல் செயின்ட் பாலின் அலையன்ஸ் ஃபீல்டில் நடந்ததைக் காண எனக்கு இடம் கிடைத்தது. எனக்கு முன்வரிசையில் செயின்ட் தாமஸின் ஊதாத் தொப்பி அணிந்த ஒரு முதியவரும் செயின்ட் ஜான்ஸின் சிவப்புச் சால்வை போர்த்திய அவர் மைத்துனரும் ஒரே பிளாஸ்கிலிருந்து காப்பியை மாற்றி மாற்றி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது ஆண்டுகளாக இந்த ஆட்டத்துக்குச் சேர்ந்தே வருவதாக மைத்துனர் சொன்னார். செயின்ட் ஜான்ஸ் 38-க்கு 20 என்று வென்றது. ஊதாத் தொப்பிக்காரர் எழுந்து போகவில்லை. அரங்கு முக்கால்வாசி காலியான பிறகும் புல்தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த ஆண்டுக்குரிய ஆட்டம் ஒன்று மிச்சமிருக்கிறது என்றுதான் அன்று எல்லோரும் நம்பினோம். கொரோனா அந்தப் பருவத்தையே அழித்துவிட்டதால், அன்று நாங்கள் பார்த்ததே கடைசி ஆட்டமாகிப் போனது. அன்று வென்ற செயின்ட் ஜான்ஸ் அதே பருவத்தில் தேசிய அரையிறுதி வரை போனதையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள். செயின்ட் தாமஸை யாராலும் வெல்லவே முடியாது என்றிருந்த காலம் அதற்குள் முடிந்திருந்தது.

வெளியேற்றப்பட்டவர்கள் வீழ்ந்துவிடவில்லை. மூன்றாம் பிரிவிலிருந்து நேரே மிக உயர்ந்த நிலையான முதல் பிரிவுக்குத் தாவுவதற்கு விதியில் இடமில்லாதிருந்தும், 2019 அக்டோபரில் அந்தப் பிரிவின் சம்மிட் லீக் என்ற கூட்டமைப்பின் அழைப்பைப் பெற்று, 2020 ஜூலையில் தேசியச் சங்கத்தின் அனுமதியையும் பெற்று, 2021-இல் செயின்ட் தாமஸ் முதல் பிரிவில் காலடி வைத்தது. கால்பந்தில் மட்டும், வீரர்களுக்கு உதவித்தொகை தராத பயனீர் லீக்கில் சேர்ந்து, இரண்டாவது ஆண்டிலேயே அதன் பட்டத்தை வென்றது. 2025-இல், புதிய பிரிவுக்கு மாறும் கல்லூரி காத்திருக்க வேண்டிய இடைமாற்றக் காலமும் முடிந்து, பருவ இறுதியில் நடக்கும் தேசியப் பட்டப் போட்டிகளில் ஆடும் தகுதி கிடைத்துவிட்டது. விலை என்னவென்றால், பேருந்துப் பயணம் போய் விமானப் பயணம் வந்தது. பயனீர் லீக்கில் ஓர் ஆட்டம் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் இருக்கலாம். இன்னொன்று ஃபுளோரிடாவில் இருக்கலாம்.

பழைய கூட்டமைப்பும் குலையவில்லை. டுலூத் நகரின் செயின்ட் ஸ்கொலாஸ்டிகா கல்லூரி 2021-இல் சேர்ந்ததால் உறுப்பினர் எண்ணிக்கை மீண்டும் பதின்மூன்றானது. அதே ஆண்டு, எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்த இன்னொன்றும் நடந்தது: இருபது ஆண்டுகளாகக் கால்பந்தில் வெளியே நின்ற மெக்காலெஸ்டர் திரும்பி வந்தது. பத்துக் கால்பந்து அணிகளையும் ஐந்து ஐந்தாக இரு குழுக்களாக்கினார்கள். பலம் குறைந்த அணியும் ஒவ்வொரு வாரமும் மலையோடு மோத வேண்டிய கட்டாயம் அதனால் ஓரளவு தளர்ந்தது. செயின்ட் தாமஸ் பிரிந்து போவது தேவைப்பட்டது என்று நான் மேலே சொன்னதற்கு இந்தத் திரும்புதலே ஆதாரம். செயின்ட் தாமஸ் இருந்திருந்தால் மெக்காலெஸ்டர் திரும்பியிருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இப்போதும் சனிக்கிழமைகளில் மெக்காலெஸ்டர் மைதானத்துக்கு நடந்து போகிறேன். நுழைவாயிலருகே எதிரணியின் பேருந்து நிற்கும். நார்த்ஃபீல்டிலிருந்தோ மூர்ஹெட்டிலிருந்தோ வந்திருக்கும். சம்மிட் அவென்யூ வழியாக மேற்கே இன்னும் சற்று நடந்தால் செயின்ட் தாமஸின் மைதானம். நூறு ஆண்டுகள் ஒரே கூட்டமைப்பில் இருந்த அந்த இரண்டு கல்லூரிகளின் கால்பந்து அட்டவணைகளில் இப்போது பொதுவான ஒரு பெயர்கூட இல்லை.