புது 4கே டிவியைவிடப் பழைய டிவியில் படம் தெளிவாகத் தெரிவது ஏன்?

குன்னூரில் 55 அங்குல 4கே டிவி வாங்கியிருக்கிறீர்கள். எச்டி பேக்குக்கும் மாதாமாதம் பணம் கட்டுகிறீர்கள். அப்படியிருந்தும் பழைய 32 அங்குலப் பெட்டியில் தெரிந்த தெளிவு இதில் இல்லை, பனிமூட்டம்தான் சிக்னலைக் கெடுக்கிறது என்று கடையில் சொன்னார்கள், உண்மையா என்று கேட்கிறீர்கள்.

உண்மை இல்லை. டிவியை மாற்றுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கோத்தகிரியில் எங்கள் வீட்டிலும் இதே குழப்பம் இருந்தது. அப்பாவிடம் 32 அங்குல எச்டி ரெடி டிவி, என்னிடம் 43 அங்குல ஃபுல் எச்டி, மச்சான் வீட்டில் உங்களுடையதைப் போலவே 55 அங்குல 4கே. ஒரு தீபாவளி விடுமுறையில் ஒரே செட்டாப் பாக்ஸை மூன்றிலும் மாற்றி மாற்றி இணைத்து, ஒரே சேனலைப் போட்டுப் பார்த்தோம்.

எச்டி அல்லாத சாதாரண எஸ்டி சேனலில் அப்பாவின் பழைய டிவிதான் ஜெயித்தது. அதில் வியப்பில்லை. எஸ்டி படத்தில் 720-க்கு 576, அதாவது சுமார் 4 லட்சத்து 15 ஆயிரம் புள்ளிகள். எச்டி ரெடி திரையில் சுமார் பத்தரை லட்சம் புள்ளிகள். 4கே திரையிலோ சுமார் 83 லட்சம். வந்த ஒவ்வொரு புள்ளியையும் உங்கள் டிவி இருபதாகப் பெருக்க வேண்டியிருக்கிறது. இல்லாத விவரத்தை எந்த டிவியாலும் உண்டாக்க முடியாது. ஊகித்து நிரப்பத்தான் முடியும். அந்த ஊகம்தான் உங்கள் கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறது. பெரிய திரை அந்தக் குறையை இன்னும் விரித்துக் காட்டுகிறது.

"நான்தான் எச்டிக்குப் பணம் கட்டுகிறேனே" என்பீர்கள். அப்பாவும் கட்டிக்கொண்டுதான் இருந்தார். டிவிக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பாக்ஸை மாட்டிவிட்டுப் போனவர் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்ற மூன்று முனை ஏவி வயரைச் செருகியிருந்தார். மஞ்சள் வயர் வழியாக எச்டி வரவே வராது. இரண்டு வருடம் அவர் எச்டிக்குப் பணம் கொடுத்து எஸ்டி பார்த்திருக்கிறார். எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எச்டிஎம்ஐ வயர் போட்ட பிறகும் முழுத் தெளிவு வரவில்லை. பாக்ஸின் அமைப்பில் வெளியீடு எஸ்டி அளவான 576 என்றே இருந்தது. அதை எச்டி அளவான 1080-க்கு மாற்றினேன். அதோடும் முடியவில்லை. அப்பாவின் விரல் பழக்கத்தில் பழைய சேனல் எண்ணையே அழுத்தும். ஒரே சேனலுக்கு எஸ்டி எண் வேறு, எச்டி எண் வேறு. புது எண்களைத் தாளில் பெரிதாக எழுதி, ரிமோட் வைக்கும் மேசையில் ஒட்டிவைத்தேன்.

இனி பனிமூட்டம். மூடுபனியின் நீர்த்துளி கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது; டிடிஎச் அலையின் நீளமோ சுமார் இரண்டரை சென்டிமீட்டர். அவ்வளவு சிறிய துளி அந்த அலையைப் பெரிதாகத் தடுக்காது. எதிரே இருக்கும் தேயிலைத் தோட்டமே தெரியாத பனியிலும் சேனல் ஒழுங்காக வரும். கனமழைதான் தடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கம் எல்லோரும் பார்ப்பதுதான் அது. ஆனால் டிஜிட்டல் சிக்னல் குறைந்தால் படம் மங்காது. கட்டம் கட்டமாக உடையும், நின்றுவிடும், அல்லது போய்விடும். தேவையான அளவு சிக்னல் வந்துவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு கூடினாலும் படம் துளிகூடக் கூர்மையாகாது. ஆன்டெனா காலத்தில் சிக்னல் குறையக் குறையப் படத்தில் புள்ளி விழும். அந்த நினைவில்தான் இன்னும் பலர் பேசுகிறார்கள்.

உங்களுக்கும் கட்டம் உடைகிறது என்றால் டிஷ்ஷின் எல்என்பியில், அதாவது தட்டுக்கு முன்னால் சிக்னலை வாங்கும் சிறு பெட்டியில், வந்து சேரும் கேபிள் முனையைக் கழற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டில் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் கம்பி பச்சை பிடித்து, கனெக்டருக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றது. மலையில் ஈரம் போகாத இடமில்லை. முனையை வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டு ரப்பர் டேப் சுற்றியதும் சரியானது. டிஷ் பார்க்கும் திசையில் சில்வர் ஓக் வளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். டிஷ் வைத்த வருடம் இடுப்பளவு இருந்த மரம் இன்று கூரைக்கு மேலே நிற்கும்.

உண்மையான எச்டி வந்த பிறகுதான் டிவிகளை ஒப்பிடுவதில் பொருள் இருக்கிறது. கிரிக்கெட் போட்டுப் புல்லைப் பாருங்கள். கேமரா அசையாமல் நிற்கும்போது புல் தனித்தனியாகத் தெரியும். பந்தைத் துரத்திக் கேமரா ஓடும்போது புல் பச்சைக் களிம்பாகிவிடும். கேமரா நின்ற மறுநொடி மீண்டும் புல்லாகும். சேனலுக்கு ஒதுக்கிய பிட்ரேட், அதாவது நொடிக்கு அனுப்பும் தகவலின் அளவு, அவ்வளவுதான், டிவியின் மேல் தவறில்லை. ஆனால் செய்திச் சேனலின் அடியில் ஓடும் எழுத்தின் ஓரம் சீப்புப் பல்லாகத் தெரிந்தால் அது டிவியின் குறையாக இருக்கலாம். நம் எச்டி சேனல்கள் 1080i என்ற முறையில் பாதிப் பாதி வரிகளாக வருகின்றன. அவற்றைக் கோத்து முழுப் படமாக்குவதில் ஒவ்வொரு டிவியின் திறமையும் வேறு. மச்சானின் டிவி இதில் என்னுடையதைவிடத் தெளிவாக மேல்.

இணையம் வழியாகப் பார்ப்பதென்றால் வேகம்தான் எல்லாம். நெட்ஃபிளிக்ஸ் 1080-க்கு 5 எம்பிபிஎஸ் (நொடிக்கு 5 மெகாபிட்), 4கேவுக்கு 15 எம்பிபிஎஸ் வேண்டும் என்கிறது. வேகம் குறைந்தால் செயலி சொல்லாமல் கொள்ளாமல் தரத்தை இறக்கிவிடும். ஃபைபர் இணைப்பில் மச்சான் வீட்டில் பார்த்த 4கே படம் டிடிஎச் எச்டியைவிடப் பல மடங்கு மேல். அதே படம் எங்கள் வீட்டு மொபைல் டேட்டாவில் எஸ்டி போலத்தான் இருந்தது.

கடைசியாக ஒரு சோதனை, எனக்கு மிகவும் பிடித்தது. படுகர் மக்களின் ஹெத்தை அம்மன் திருவிழாவில் நான் போனில் எடுத்த வீடியோவைப் பென்டிரைவில் போட்டு மூன்று டிவியிலும் ஓட்டினேன். எல்லோரும் வெள்ளை உடுத்தி வரும் ஊர்வலம். நிறத்தையும் வெளிச்சத்தையும் தூக்கிக் காட்டும் விவிட் அமைப்பில் அத்தனை வெள்ளையும் ஒரே சுண்ணாம்புச் சுவர். சினிமா அமைப்புக்கு மாற்றி, ஷார்ப்னெஸ்ஸை நன்றாகக் குறைத்ததும் துணியின் ஒவ்வொரு மடிப்பும் நிழலோடு வந்தது. முன்னால் வந்த பாட்டியின் சேலை ஓரத்து நூல்கூடத் தெரிந்தது. கடையில் டிவியை விவிட்டில் வைத்துத்தான் காட்டுகிறார்கள், அதை அப்படியே வீட்டிலும் விட்டுவிடுகிறோம்.

இன்னொன்று, உட்காரும் தூரம். 55 அங்குலத்தில் சுமார் 2.2 மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்தால் ஃபுல் எச்டிக்கும் 4கேவுக்கும் புள்ளிக் கணக்கில் உள்ள வேறுபாடு சாதாரணக் கண்ணுக்குப் பிடிபடாது. ஆகவே 4கே என்பதற்காக மட்டும் வருந்தவும் வேண்டாம், பெருமைப்படவும் வேண்டாம்.

இன்று இரவே வயர், பாக்ஸின் வெளியீடு, சேனல் எண் ஆகிய மூன்றையும் பாருங்கள். அப்படியும் மங்கலாக இருந்தால் பாக்ஸில் 1080 என்று காட்டுகிறதா, எந்தச் சேனல் என்று இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.