பெட்டியில் வரும் மலிவு அலுமாரி எத்தனை நாள் தாங்கும்?

பலகைகளாகப் பெட்டியில் வந்து, வீட்டில் நாமே திருகாணி முடுக்கிப் பூட்டும் தளபாடங்கள் யாழ்ப்பாணத்து வீடுகளில் நிலைக்குமா, கொடுத்த காசுக்குப் பெறுமதியா என்பதுதான் கேள்வி.

இவை பெரும்பாலும் முழு மரம் இல்லை. மரத்துகளைப் பசையோடு சேர்த்துச் சூட்டில் அழுத்திய பலகை, மேலே மரநிறத்தில் மெல்லிய தோல். மரத்தை அதன் நீண்ட நார்களே இறுக்கிப் பிடித்திருக்கும். இதில் பிடிமானம் பசைதான். குழல் பிட்டை நினைத்துப் பாருங்கள். தட்டில் விறைப்பாக நிற்கும், சொதி ஊற்றியதும் உதிர்ந்துவிடும். மாரி ஈரமோ நிலம் துடைக்கும் தண்ணீரோ அடிவிளிம்பில் ஊறினால் பலகை ஊதும். காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. அடியில் சின்னக் கால்கள் வைத்து உயர்த்தினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அடுத்தது, கழற்றிப் பூட்டுவது. ஒவ்வொரு தடவையும் ஆணித்துளை கொஞ்சம் இளகும். வீடு மாறும்போது சுலபம் என்று வாங்குவார்கள், வீடு மாறும்போதுதான் அது ஆட்டம் காணும்!

சரி, வாங்கலாமா? உடுப்பு அலுமாரிக்கும் பிள்ளையின் படிப்பு மேசைக்கும் தாராளமாக வாங்கலாம். குசினித் தொட்டிக்குக் கீழே வேண்டாம். பாரமான புத்தகங்களுக்கு நீளத் தட்டும் வேண்டாம், நடுவில் வளையும். அங்கெல்லாம் தச்சரிடம் முதிரையிலோ வேம்பிலோ செய்விப்பதே என் தெரிவு.

'பசை போட்ட பலகை, கறையான் தொடாது' என்று சிலர் நம்புவது தவறு: மருந்தேற்றாத பலகை என்றால் கறையான் இதையும் அரிக்கும்.