கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கும் கெமரா

கேள்வி: மஸ்கெலியாவுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் வசிக்கிறேன். தமிழ்மொழி மூலம் கலைப் பிரிவில் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறேன். திரைப்படம் இயக்க வேண்டும் என்பது என் ஆசை. கொழும்பிலுள்ள தனியார் நிறுவனமொன்று ஒரு வருட டிப்ளோமாவுக்கு அழைக்கிறது. அம்மா நகையை அடகு வைக்கவும் தயாராக இருக்கிறார். சேரலாமா, பல்கலைக்கழகத்துக்காகக் காத்திருக்கலாமா?

பதில்: அன்புள்ள தங்கைக்கு, நகையை இப்போதைக்கு அடகுக்கடைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அரச பல்கலைக்கழகத்தில் உள்வாரி மாணவர்களுக்குக் கற்கைக் கட்டணம் இல்லை. மகாபொல புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பிக்கலாம்.

களனிப் பல்கலைக்கழகத்தில் திரைப்படம், தொலைக்காட்சிக் கற்கைகளும், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீபாலி வளாகத்தில் வெகுசன ஊடகமும், யாழ்ப்பாணத்தில் ஊடகக் கற்கைகளும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கைகளும் உள்ளன. கேட்பதற்கு எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் ஊடகம் என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி இதழியலாகவும் வானொலியாகவும் இருந்துவிடலாம் என்பதால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலோடு நிற்காமல் ஒவ்வொரு துறையின் பாடத்திட்டத்தையும் வாங்கிப் படியுங்கள். உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசட் புள்ளிக்கு மேலதிகமாக உளச்சார்புப் பரீட்சை வைக்கும் கற்கைநெறிகளும் உண்டு. அதன் திகதியைத் தவறவிட்டால் அந்த வருடம் போயிற்று. விண்ணப்பத்தில் விருப்பு வரிசையை எழுதும்போது, கிடைக்கும் என்று ஊரார் சொல்வதை அல்ல, உங்களுக்கு வேண்டியதை முதலில் எழுதுங்கள்.

கற்பிக்கும் மொழியையும் விசாரியுங்கள். கடைவீதியில் பேசும் சிங்களத்தை வைத்துக்கொண்டு, இந்தக் காட்சி இங்கே ஏன் முடிய வேண்டும் என்று ஒரு வகுப்பு முழுவதோடும் வாதாட முடியாது. சிங்கள மொழி மூலம்தான் என்றால் அஞ்சி விலகவேண்டியதில்லை, இன்றைக்கே படிக்கத் தொடங்கலாம்.

தனியார் நிறுவனத்தைப் பற்றி எனக்கு ஓர் அனுபவம் உண்டு. உறவுக்காரப் பையன் ஒருவனைச் சேர்ப்பதற்காக அப்படியொரு இடத்துக்குப் போயிருந்தேன். விளம்பரத்தில் கண்ட கெமரா கண்ணாடி அலுமாரிக்குள் பளபளவென்று இருந்தது. சாவி வைத்திருந்தவரோ லீவில் போயிருந்தார். வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த இரண்டாம் தவணை மாணவனிடம், இதுவரை எத்தனை படம் எடுத்தாய் என்று கேட்டேன். “இன்னும் தியரிதான் அண்ணே” என்றான். ஆகவே அலுவலகத்தில் கேட்காமல் மாணவர்களிடம் கேளுங்கள்: படித்து முடிப்பதற்குள் ஒருவர் எத்தனை குறும்படங்களைத் தானே எழுதி, எடுத்து, எடிட்டிங் செய்து முடிக்கிறார்? ஒரு கெமராவுக்கு எத்தனை பேர்? எடிட்டிங் அறை எத்தனை மணிவரை திறந்திருக்கும்? அரச பல்கலைக்கழகத்திலும் இதே கேள்விகளைக் கேட்கவேண்டும். அங்கேயும் அலுமாரிகள் உண்டு. அந்த டிப்ளோமா மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இந்தியா போகலாமே என்று யாராவது சொல்வார்கள். 1960 இல் தொடங்கிய புனே திரைப்படக் கல்லூரியில்தான் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா ஒளிப்பதிவு படித்தார். ஆனால் அங்குள்ள மூன்று வருடத் திரைப்படக் கற்கைகளுக்கு முதலில் ஒரு பட்டம் வேண்டும். இங்கே பட்டத்தை முடித்துக்கொண்டு போவதே உங்களுக்கு நல்லது என்பது என் எண்ணம். அப்போது வயதும் மொழியும் துணை நிற்கும்.

பெறுபேறு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். அம்மா மாலையில் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்து, விரல்களில் ஏறிய கறையைத் தேய்த்துக் கழுவுவதைக் கைத்தொலைபேசியில் எடுங்கள். பின்னணிப் பாட்டு வேண்டாம், தண்ணீர்ச் சத்தம் மட்டும் போதும். மூன்று நிமிடத்துக்குள் வெட்டித் தொகுத்து முதலில் அம்மாவிடம் காட்டி, அவர் எந்த இடத்தில் திரையிலிருந்து கண்ணை எடுக்கிறார் என்று கவனித்து, அந்த இடத்தை மறுபடி வெட்டுங்கள்.