சிறப்புக் குழந்தைக்காக வேலையை விட்டுவிடலாமா?

"மகளுக்கு ஆறு வயது, பெருமூளை வாதம். நான் தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வீட்டில் எல்லோரும் வேலையை விடச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடிந்தவரை விடாதீர்கள். என் மகனுக்கும் இதே பிரச்சினைதான், கூடவே வலிப்பும் உண்டு. கோவையில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன்.

விடச் சொல்கிறவர்கள் கையில் வரும் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவார்கள். "பஸ்ஸுக்கும் பார்த்துக்கற ஆளுக்கும் கொடுத்தது போக என்னம்மா மிச்சம்?" என்று என் அத்தையும் கேட்டார். சம்பளச் சீட்டில் பிடித்தம் என்று போட்டிருக்கும் இரண்டு வரிகளை யாரும் பார்ப்பதில்லை. ஒன்று இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இது உண்டு. உடல், மனக் குறைபாட்டால் நம்மையே முழுக்க நம்பியிருக்கும் பிள்ளைக்கு, வயது எத்தனை ஆனாலும் அதில் வைத்தியம் கிடைக்கும். இன்னொன்று பிஎஃப், வருங்கால வைப்பு நிதி. அதோடு சேர்ந்த 1995ஆம் ஆண்டு பென்ஷன் திட்டத்தில், உறுப்பினர் இறந்துவிட்டால் மற்றப் பிள்ளைகளுக்கு 25 வயது வரைதான் பென்ஷன். நிரந்தரமாகவும் முழுமையாகவும் இயலாத நிலையிலுள்ள பிள்ளைக்கு ஆயுள் முழுக்க உண்டு. தொகை சின்னதுதான். ஆனாலும் "நமக்கப்புறம் இவனுக்கு யார்?" என்று தூக்கம் கெடுகிற நமக்கு, நம் பெயரில் மாதாமாதம் ஏதோ ஒன்று அவன் கைக்கு வரும் என்பது லேசான விஷயமில்லை.

சரி, வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது? இதில்தான் முழுக் கஷ்டமும். அம்மாவுக்கு மட்டும்தான் ஊட்டத் தெரியும், அம்மா தூக்கினால்தான் அழ மாட்டான் என்ற நிலை வந்துவிட்டால், வேலை என்ன, ஒரு காய்ச்சலுக்குக் கூட நாம் படுக்க முடியாது. அதனால் இன்னொருவரைப் பழக்கியே ஆக வேண்டும். நான் அத்தையையும் பக்கத்து வீட்டு அக்காவையும் பழக்கினேன். அக்காவுக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறேன். சும்மா உதவிக்கு வருகிறவரிடம் நேரம் தவறாதீர்கள் என்று சொல்ல வாய் வராது.

ஊட்டுவதைத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தேன். நம் ஊரில் தலையைப் பின்னால் சாய்த்து வாயில் ஊற்றுவதுதான் வழக்கம். இவர்களுக்கு அது ஆபத்து, சாப்பாடு மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். நிமிர்த்தி உட்கார வைத்து, தாடை லேசாக உள்வாங்கியிருக்க, ஸ்பூனை முகத்துக்கு நேரே கொண்டுபோய்க் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். விழுங்கிவிட்டானா என்று பார்த்த பிறகே அடுத்த வாய். சாப்பிட்ட கையோடு படுக்க வைக்கக் கூடாது. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து மணி பார்க்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. கையில் இரும்புச் சாவியைக் கொடுக்கும் பழக்கத்தை விட வைக்கத்தான் அத்தையோடு ரொம்ப நாள் மல்லுக்கட்டினேன். இப்போது அவரே அடுத்தவர்களைத் திட்டுகிறார்.

ஆபீசில் "என் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பரிதாபம் கிடைக்கும், வேறொன்றும் நடக்காது. காலையில் பிசியோ முடித்துவிட்டுப் பத்தரைக்கு வருகிறேன், மாலையில் ஈடுகட்டுகிறேன் என்று நேரத்தைச் சொல்லிக் கேட்டேன், கொடுத்தார்கள். பதிலுக்கு, ஜிஎஸ்டி தாக்கல் செய்கிற 11ஆம் தேதி, 20ஆம் தேதிகளை ஒட்டி ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் வைத்துக்கொள்வதில்லை. நம் இல்லாமை அவர்களுக்கு எந்த நாளில் உறைக்கும் என்று நமக்குத் தெரிந்திருந்தால், மற்ற நாட்களில் லீவு கேட்பது சுலபம்.

மத்திய அரசு வேலையில் இருக்கும் அம்மாக்களுக்குப் பணிக்காலத்தில் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு; மாற்றுத்திறன் பிள்ளை என்றால் 18 வயது என்ற வரம்பும் இல்லை. இமாச்சல் அரசுக் கல்லூரி ஆசிரியை ஒருவர் தன் மாற்றுத்திறன் மகனுக்காக இந்த விடுப்பைக் கேட்டுத் தொடுத்த வழக்கில், பெண்கள் வேலைக்குப் போவது சலுகையல்ல, அரசியல் சட்டம் தந்த உரிமை என்று 2024இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. நம்மைப் போலத் தனியார் வேலையில் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு விடுப்பைத் தரச் சட்டம் இல்லை. எனக்கு இதில் கோபம்தான்.

மாற்றுத்திறனாளிகளுக்கான யூடிஐடி அடையாள அட்டை எடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் முதலில் அதை எடுங்கள். தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். தகுதி உண்டா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. பெருமூளை வாதம் அதில் அடங்கும், தெரபிச் செலவுக்கும் கோரலாம். பில்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு விட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், பிஎஃபில் பென்ஷன் பணத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அதற்கான 10சி படிவத்தில் பணத்துக்குப் பதிலாக ஸ்கீம் சர்ட்டிபிகேட், அதாவது இதுவரையிலான சர்வீஸுக்கான சான்றிதழ், கேட்கலாம். மகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு வேறு வேலையில் சேர்ந்தால் பழைய சர்வீஸும் அதோடு சேர்ந்துகொள்ளும்.